முன்னோர்க்குரிய பதினைந்து நாட்கள்



அனந்த சதுர்த்தசியன்று பிள்ளையாரை நீரில் கரைத்து முடித்த ஓரிரு நாட்களில் புனே நகரத்துக் கடைத்தெருக்களில் ஒரு மாறுதலைக் காணலாம். பத்து நாட்களாக ஓயாது முழங்கிய தோலும் தாசாவும் அடங்கிவிடுகின்றன. விமான நிலையத்தை அடுத்திருப்பதால் விமான் நகர் எனப் பெயர் பெற்ற எம் குடியிருப்பின் பெருஞ்சாலையில், துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணியாளர்கள் கைகட்டி நிற்கின்றனர். புதிய ஊர்தி வாங்குவோர் இலர்; வீட்டு மனைக்கு முன்பணம் கொடுப்போர் இலர்; பெண் பார்க்கும் பேச்சும் நின்றுபோகிறது. காய்கறிக் கடையில் மட்டும் கூட்டம் மிகுதி. கொத்தவரை, வெண்டை, பாகல், பீர்க்கு, சேம்பின் இலை, சிவப்புப் பூசணி ஆகியவற்றின் விலை திடீரென்று ஏறிவிடுகிறது. தமிழகத்திலிருந்து புதிதாக வந்து குடியேறியவர், ‘என்ன நேர்ந்தது இந்த ஊருக்கு?’ என்று அடுத்த வீட்டாரைக் கேட்டால், ‘பித்ரு பந்தர்வடா’ என்னும் விடை கிடைக்கும். முன்னோர்க்குரிய பதினைந்து நாட்கள் என்பது அதன் பொருள். நாம் மகாளய பட்சம் என்று வழங்குவதும் இதுவே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுவதுண்டு. இந்தத் தேய்பிறை எந்த மாதத்தைச் சேர்ந்தது? மராட்டியப் பஞ்சாங்கம் அதைப் பாத்ரபத மாதத்தின் பிற்பாதி என்கிறது. காசியில் அச்சாகும் பஞ்சாங்கமோ ஆசுவின மாதத்தின் முற்பாதி என்கிறது. நம் பாட்டியாரைக் கேட்டால், ‘புரட்டாசி அமாவாசைக்கு முந்திய பதினைந்து நாள்’ என்பார். மூவரும் சொல்வது வானத்தில் தேய்கின்ற அதே நிலவைத்தான். விந்திய மலைக்குத் தெற்கே பெரும்பாலும் அமாவாசையோடு மாதத்தை முடிக்கிறார்கள். வடக்கே பௌர்ணமியோடு முடிக்கிறார்கள். தமிழரோ நிலவைக் கொண்டு மாதத்தைக் கணக்கிடாமல், கதிரவன் கன்னி ராசியில் புகுவதைக் கொண்டு புரட்டாசியைத் தொடங்குகின்றனர். ஆகவே, தில்லியில் வாழும் தமிழரும் புனேயில் வாழும் தமிழரும் கடிதத்தில் மாதப் பெயரை எழுதிக் குழம்ப வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டில் மகாளய அமாவாசை அக்டோபர் 14ஆம் நாளிலும், 2024இல் அக்டோபர் 2ஆம் நாளிலும், 2025இல் செப்டம்பர் 21ஆம் நாளிலும் வந்தது. எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் இந்நாட்கள் ஒன்றே.

இனி, இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பார்ப்போம். மக்களிடையே வழங்கும் கதை கர்ணனைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் பொன்னையே வாரி வழங்கிய கர்ணன் விண்ணுலகம் சென்றபோது, அவன் இலையில் உணவுக்கு மாறாகப் பொன்னே பரிமாறப்பட்டதாம். முன்னோர்க்குச் சோறிட அவன் மறந்ததே காரணம் என்று கூறி, பதினைந்து நாட்கள் மண்ணுலகுக்குத் திரும்பிச் சென்று சோறும் நீரும் வழங்கிவர அவனுக்கு விடை கொடுத்தார்களாம். அந்தப் பதினைந்து நாட்களே இவை என்பர். கதை அழகியது, தன் குலம் இன்னதென்று அறியாது வளர்ந்த ஒருவனை முன்னோர் வழிபாட்டின் தலைவனாக்கிய மக்கள் உள்ளம் அதனினும் அழகியது. ஆயினும் வியாச பாரதத்தில் இக்கதைக்கு இடமில்லை. வாய்வழியாக வளர்ந்த கதை அது.

ஏடுகளை நோக்கினால் வேறு செய்திகள் கிடைக்கின்றன. இவற்றைத் திரட்டித் தந்த பெருமையும் ஒருவகையில் புனே நகரத்தையே சாரும். 1917இல் இங்கு நிறுவப்பட்ட பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், பாண்டுரங்க வாமன காணே என்னும் பேரறிஞர் எழுதிய தர்ம சாத்திர வரலாற்றை 1930 முதல் 1962 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. சிராத்தத்தைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி 1953இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் உள்ளது. சட்டம் பயின்று வழக்கறிஞராக விளங்கிய காணே அவர்களுக்கு 1963ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. சான்று இல்லாமல் எதையும் ஏற்காத வழக்கறிஞரின் கண் அந்நூலின் பக்கந்தோறும் தெரிகிறது.

சதபத பிராமணம் ஆறு பருவங்களை இரண்டாகப் பகுக்கிறது. இளவேனிலும் முதுவேனிலும் கார்காலமும் தேவர்க்குரியவை. கூதிரும் முன்பனியும் பின்பனியும் பித்ருக்களுக்குரியவை. அவ்வாறே வளர்பிறை தேவர்க்கும் தேய்பிறை முன்னோர்க்கும், முற்பகல் தேவர்க்கும் பிற்பகல் முன்னோர்க்கும் உரியவை. இப்பகுப்பை மனத்தில் கொண்டால் நம் வழக்கத்தின் ஏரணம் விளங்கிவிடும். முன்னோர்க்குரிய முதற் பருவம் கூதிர். அப்பருவத்தின் வாயிலில் வரும் தேய்பிறை இது. சிராத்தம் செய்யும் வேளையும் நண்பகல் சாய்ந்த பிறகு. பருவமும் பக்கமும் பொழுதும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன.

ஆசுவலாயனர் இயற்றிய கிருஹ்ய சூத்திரத்தில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. பிரோஷ்டபத மாதப் பௌர்ணமிக்குப் பிந்திய தேய்பிறையில், மக நட்சத்திரத்தையொட்டிச் செய்யப்படும் ஒரு முன்னோர் சடங்கை அது குறிக்கிறது. பிரோஷ்டபதம் என்பது பாத்ரபதத்தின் பழம்பெயர். மக நட்சத்திரத்துக்கு அதிதேவதை பித்ருக்களே என்பது சோதிடம் அறிந்த எவரும் சொல்லும் செய்தி. இலக்கணமும் இதற்குச் சான்று பகர்கிறது என்றால் நேயர்கள் வியக்கலாம். பாணினி முனிவர் தம் நான்காம் அத்தியாயத்தில், கூதிர்ப் பருவத்தைக் குறிக்கும் ‘சரத்’ என்னும் சொல்லிலிருந்து, சிராத்தம் என்னும் பொருளில் மட்டும் ஒரு தனிச்சொல் பிறப்பதற்கு விதி வகுத்துள்ளார். நாட்டில் வழங்காத ஒன்றுக்கு இலக்கணி விதி எழுதமாட்டார். எனவே, கூதிர்காலச் சிராத்தம் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே பேச்சு வழக்கில் வேரூன்றியிருந்தது என்று துணிந்து கூறலாம்.

தமிழகத்து வழக்கம் இதனோடு முழுதும் ஒன்றுவதன்று. திருவள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது தென்புலத்தாரை முதலில் வைத்தார். தெய்வமும் விருந்தும் அவருக்குப் பின்னரே வருகின்றன. வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுத்து, நீரில் ஆட்டி, நட்டு, பெயர் பொறித்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் நிலை நிலையாக எடுத்துரைக்கிறது. ஆனால் அந்நடுகல் வழிபாட்டுக்குப் புரட்டாசித் தேய்பிறை என்று காலம் எதுவும் வகுக்கப்படவில்லை. காக்கைக்குச் சோறிடுவதும் சங்கப் பாட்டில் உண்டு. அங்கே காக்கை முன்னோரின் தூதனாக வரவில்லை. விருந்தினர் வருவதைக் கரைந்து உணர்த்தியமைக்காக அதற்குச் சோறு கிடைக்கிறது. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் ‘காக்கைபாடினியார்’ என்னும் சிறப்புப் பெயரும் அதனால் வாய்த்தது. வருவோரை அறிவிக்கும் பறவை, பிற்காலத்தில் வந்து செல்லும் முன்னோராகவே ஆகிவிட்டது போலும்!

மராட்டியரிடம் காக்கை இன்னும் கண்டிப்பானது. இறந்தவருக்குப் பத்தாம் நாள் ஆற்றங்கரையில் பிண்டம் வைத்து, காக்கை வந்து தொடும்வரை சுற்றத்தார் காத்திருப்பர். அது வரத் தாழ்த்தினால் இறந்தவருக்கு ஏதோ ஆசை எஞ்சியிருக்கிறது என்று கொள்வர். ‘தங்கையின் திருமணத்தை நான் நடத்தி வைக்கிறேன்’, ‘கடனை நான் அடைக்கிறேன்’ என்று ஒவ்வொருவராக முன்வந்து வாக்குக் கொடுப்பர். முத்தா நதிக்கரையிலுள்ள ஓங்காரேசுவரர் கோயிற் பக்கம் இக்காட்சியைக் காணலாம். அங்கே சான்றாளராக வீற்றிருப்பது ஒரு காக்கை. வாக்குக் கொடுத்தவர் பிறகு அதை மீறினால், ஊரார் முன்னிலையில் சொன்ன சொல்லை மீறியவராகிறார்.

ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று அமாவாசைகளைத் தமிழர் போற்றுகின்றனர். இராமேசுவரத்தின் அக்கினி தீர்த்தத்திலும் திருவரங்கத்து அம்மா மண்டபத்திலும் அந்நாட்களில் கூடும் கூட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். வெளிமாநிலத்தில் இம்மூன்றனுள் புரட்டாசி ஒன்றுக்கே அக்கம்பக்கத்தாரின் துணை கிடைக்கும். ஆடி அமாவாசையின் நிலையோ நகைப்புக்கு இடமானது. பெரும்பாலும் அதே நாளில் மராட்டியர் ‘கடாரி’ அமாவாசை கொண்டாடுகின்றனர். அடுத்த நாள் சிராவண விரதம் தொடங்கிவிடுவதால், அன்றே புலாலும் மதுவும் ஆரப் புசித்து முடிப்பது பலருடைய வழக்கம். நாம் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஒருவேளை உணவோடு அலுவலகம் சென்றால், மாலை விருந்துக்கு நம்மைக் கூப்பிடும் நண்பர்களுக்கு விளக்கம் சொல்லி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நிற்க. பிற நாடுகளின் வழக்கத்தைச் சற்றுக் காண்போம். அவற்றுள் நம்மை வியப்பில் ஆழ்த்துவது கம்போடியா. அந்நாட்டார் ‘பிச்சும் பென்’ என்னும் பெருவிழாவைப் பதினைந்து நாட்கள் கொண்டாடுகின்றனர். ‘பிச்சும்’ என்றால் ஒன்று கூட்டுதல். ‘பென்’ என்பது நமது பிண்டமே. அவர்கள் அதைக் கொண்டாடும் மாதத்தின் பெயர் ‘போத்ரபோத்’. பாத்ரபதம் என்னும் பெயரே கெமர் மொழியில் போத்ரபோத் ஆயிற்று. தேய்பிறை முதல் நாளில் தொடங்கி அமாவாசையில் முடிகிறது விழா. 2023இல் அக்டோபர் 14ஆம் நாளிலும், 2024இல் அக்டோபர் 2ஆம் நாளிலும் அவ்விழாவின் தலைநாள் அமைந்தது. நாம் சற்று முன்னர்க் கூறிய நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! புனேயில் காக்கைக்குச் சோறு வைத்த அதே நாளில், நாம்பென் நகரத்து மக்கள் சோற்றுருண்டைகளைச் சுமந்து விகாரங்களுக்குச் சென்றிருக்கிறார்கள். விடியுமுன் இருளில் விகாரத்தைச் சுற்றி வந்து அவ்வுருண்டைகளை எறிவார்கள். ஊசித் துளை போன்ற வாயுடைய பிரேதங்கள் ஒளியைத் தாங்கமாட்டா என்பது நம்பிக்கை. உறவினர் தமக்கென உணவு கொணர்ந்தனரா என்று அவை விகாரம் விகாரமாகத் தேடி அலையுமாம்.

இவ்வழக்கத்தின் கரு நம் நாட்டிலிருந்து சென்றது என்பதில் ஐயமில்லை. பாலிப் பௌத்த நூல்களுள் ‘திரோகுட்ட சுத்தம்’ என்று ஒன்று உண்டு. இறந்த சுற்றத்தார் வீட்டுச் சுவருக்கு வெளியிலும் நாற்சந்தியிலும் வந்து நிற்பதாகவும், அவ்வுலகில் உழவோ வாணிகமோ இன்மையால் இங்கிருப்போர் ஈவதைக் கொண்டே வாழ்வதாகவும் அது கூறுகிறது. பிண்டத்தைப் பித்ருக்களுக்கு நேரே இடுவது வைதிக முறை; துறவியர்க்கு ஈந்து அதன் பயனை இறந்தோர்க்கு மாற்றித் தருவது பௌத்த முறை. கம்போடியர் இரண்டையும் செய்கின்றனர். அறிஞர்கள் கோட்பாடு வகுத்துப் பிரித்ததை மக்கள் சோற்றுருண்டையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சீனத்தில் ஏழாம் மாதப் பௌர்ணமியிலும், சப்பானில் இப்பொழுது பெரும்பாலும் ஆகஸ்டு நடுவிலும் இறந்தோர் விழா நிகழ்கிறது. புத்தரின் மாணாக்கராகிய மௌத்கல்யாயனர் பசியால் வாடிய தம் தாயின் ஆவியை மீட்ட கதையே அதற்கு அடிப்படை. துறவியர் மழைக்கால உறைவை முடித்து வெளிவரும் நாளில் அவர்களுக்கு உணவளித்தால் தாய் மீள்வாள் என்று புத்தர் கூறியதாகக் கதை. மழையால் வழியடைத்த நாட்டில் பிறந்த கதை அது என்பது வெளிப்படை. அதை உரைக்கும் சூத்திரம் சீனத்திலேயே எழுதப்பட்டது என்று கருதுவோரும் பலர். கியோட்டோ நகரைச் சூழ்ந்த மலைகளில் ஆகஸ்டு 16ஆம் நாள் இரவு பெருந்தீ மூட்டி முன்னோரை வழியனுப்புகின்றனர். நம் நாட்டிலும் இது உண்டு. மகாளயத்தில் வந்த முன்னோர் திரும்பிச் செல்லத் தீபாவளிப் பொழுதில் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்ட வேண்டும் என்று தர்ம சாத்திர நூல்கள் விதிக்கின்றன. தமிழகத்தில் அது மறைந்து, வெடியும் எண்ணெய்க் குளியலும் எஞ்சின. ஒடிசாவில் இன்றும் சணற்குச்சிகளைக் கொளுத்தி வானை நோக்கி முன்னோரை அழைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் நவம்பர் 2ஆம் நாள் கிறித்தவர்கள் இறந்தோரை நினைக்கும் நாள். கல்லறைத் திருநாள் என்று நம் கிறித்தவத் தமிழர் அதனை வழங்குவர். குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ, கி.பி. 998ஐ ஒட்டித் தம் மடங்களில் இதை வகுத்தார். அதற்கு முந்திய நாளான புனிதர் அனைவரின் திருநாள், உரோமில் முதலில் மே மாதம் 13ஆம் நாள் கொண்டாடப்பட்டு, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நவம்பருக்கு மாறியது. அயர்லாந்தின் பழைய குளிர்காலத் தொடக்க விழாவே இதன் மூலம் என்று சிலர் உறுதியாக எழுதுவர். அவ்விழா இறந்தோர்க்குரியது என்பதற்குப் பழஞ்சான்று மிகக் குறைவு. மெக்சிகோவிலோ, ஆஸ்டெக் மக்கள் கிட்டத்தட்ட ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடிய இறந்தோர் விழாக்கள், இசுபானியர் வந்தபின் இந்த நவம்பர் நாட்களோடு கலந்துவிட்டன. அங்கே கல்லறையிலிருந்து வீடுவரை செண்டுமல்லிப் பூவிதழ்களைப் பாதையாகத் தூவுகிறார்கள். செண்டுமல்லிக்குத் தாயகம் மெக்சிகோவே. கடல் கடந்து வந்த அந்தப் பூ, புனேயில் பித்ரு பட்சம் கழிந்து தசரா நெருங்கும்போது மலை மலையாகக் குவிகிறது. மெக்சிகோவில் இறந்தோர்க்குரிய மலர் இங்கே வெற்றித் திருநாளின் மலர்!

உலகமெங்கும் கூதிர்காலமே இறந்தோர் காலம் என்றும், எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றும் எழுதுவோர் உளர். நமக்கு அது உடன்பாடன்று. உரோமர் தம் முன்னோரைப் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் போற்றினர். சீனர் கல்லறைகளைத் தூய்மை செய்யும் நாள் ஏப்ரல் தொடக்கத்தில், வசந்தத்தில் வருகிறது. நாமே தை மாதத்தில் ஓர் அமாவாசை வைத்திருக்கிறோம். அயர்லாந்தில் அறுவடை முடிந்து ஆடுமாடுகளைக் கொட்டிலில் அடைக்கும் வேளை. கம்போடியாவிலோ மழை பெருகி, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்க, குதிர் வெறுமையாகும் வேளை. இரண்டும் ஒரே பருவம் என்பது நாட்காட்டி தரும் மயக்கம். புனேக்கும் கம்போடியாவுக்கும் உள்ள உறவு ஏட்டாலும் சொல்லாலும் நாளாலும் மெய்ப்பிக்கத்தக்கது. புனேக்கும் அயர்லாந்துக்கும் அத்தகைய உறவு எதையும் காட்ட இயலாது. ஒற்றுமை காணும் ஆர்வத்தில் இவ்வேறுபாட்டை விட்டுவிடலாகாது.

மகாளயத்துக்கே உரிய ஒரு சிறப்பை இங்கே குறிக்க வேண்டும். ஆண்டுத் திதி தாய் தந்தையருக்கும் அவர்தம் முன்னோர்க்குமே உரியது. மகாளயத்திலோ அத்தை, மாமன், சிறிய தந்தை, ஆசிரியர், நண்பர் ஆகியோருக்கும் நீர் வார்க்கலாம். இவர்களைக் காருண்ய பித்ருக்கள் என்பர். தமக்கென நீர் வார்க்க எவருமில்லாதவர்க்கும் முடிவில் ஒரு கை நீர் உண்டு. இறந்த திதி தெரியாதவர்க்கு அமாவாசை நாள் உரியது. மராட்டியர் அதனைச் சர்வபித்ரி அமாவாசை என்பர். திதி தெரியாமற் போவது எப்படி என்று கேட்கலாம். புனே நகரத்தாரிடம் இக்கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. 1761ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பானிப்பட்டில் மராட்டியப் படை அழிந்தபோது, எவர் எங்கே வீழ்ந்தார் என்று அறியாத குடும்பங்கள் இந்நகரில் எத்தனையோ இருந்தன. படைத்தலைவர் சதாசிவராவ் இறந்ததை அவர் மனைவி பார்வதிபாய் ஏற்கவே இல்லை, சுமங்கலியாகவே வாழ்ந்தார். பேஷ்வா நானாசாகிப் அவ்வாண்டு சூன் மாதத்திலேயே பர்வதி குன்றில் உயிர் நீத்தார். கம்போடியாவிலும், 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோலாட்சியில் மாண்ட இலட்சக்கணக்கானோருக்கு நாளும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது. அவ்வாட்சி விகாரங்களை மூடியது, இவ்விழாவையும் நிறுத்தியது. ஆட்சி வீழ்ந்தபின் மக்கள் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு மீண்டும் விகாரங்களுக்கு வந்தார்கள். துறவியர் அப்பெயர்களை ஓதினார்கள்.

விமான் நகருக்குச் சிறிது தொலைவில் ஆகாகான் மாளிகை இருக்கிறது. 1942 ஆகஸ்டு 15ஆம் நாள் மகாதேவ தேசாயும், 1944 பிப்ரவரி 22ஆம் நாள் கஸ்தூரிபாய் அம்மையாரும் அங்கே சிறைக்காவலில் காலமாயினர். தேசாயின் மகன் அருகில் இல்லாமையால், அவரைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவராகிய காந்தியடிகளே தீ மூட்டினார். விடுதலையாகும்வரை நாள்தோறும் அவ்விடம் சென்று மலரிட்டார். சாத்திரம் மகனுக்கு வகுத்ததை ஒரு தந்தையின் நிலையில் நின்று அவர் செய்தார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சடங்கைப் பற்றிய கவலை இயல்பு. எட்டாம் மாடியில் குடியிருப்பு. சாளரத்தில் வந்து அமர்வன புறாக்கள். காக்கையைக் காண்பதே அரிது. முளா-முத்தா ஆற்றின் நீர் காலை நனைக்கவும் தகுதியற்றதாய்க் கிடக்கிறது. தமிழில் மந்திரப் பொருள் சொல்லும் புரோகிதரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. படையலிட்டுக் கும்பிடும் குடும்பத்தாருக்கோ ஊரில் உள்ள மூத்த தலைமுறையே புரோகிதர். காவிரிக் கரையில் பிறந்து அங்கேயே மறைந்த நம் பாட்டனார்க்கு விமான் நகரத்தின் முகவரி தெரியுமா என்று எம் மகள் ஒருமுறை கேட்டாள். விளையாட்டாகக் கேட்ட வினாவுக்கு விடை விளையாட்டாக வரவில்லை.

விஷ்ணு புராணத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. சிராத்தம் செய்ய வசதியில்லாதவன் ஏழெட்டு எள்ளை நீரோடு விடலாம். அதுவும் இயலாதெனில் பசுவுக்கு ஒருநாட் புல் தரலாம். எதுவுமே இல்லாதவன் ஆளரவமற்ற காட்டுக்குச் சென்று, இரு கைகளையும் உயர்த்தி, தன்னிடம் பொருள் இல்லை, அன்பு ஒன்றே உண்டு என்று முன்னோரிடம் முறையிடலாம். இவ்விதியை வகுத்தவர் வழிப்போக்கரையும் அயலூரில் தங்கியோரையும் நன்கு அறிந்தவராயிருக்க வேண்டும். சாளரத்துப் புறாவுக்கும் இதில் இடமுண்டு என்பது நம் கருத்து.

ஆனால் ஒன்றற்கு மட்டும் மாற்று வகுக்கப்படவில்லை. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன், தாய், பாட்டி, பூட்டி, தாய்வழியிலும் அவ்வாறே. ஆற்றுக்குப் பதில் குழாய் நீர் போதும். காக்கைக்குப் பதில் புறா போதும். பூட்டியின் பெயருக்குப் பதில் எதைச் சொல்வது? ஊரில் இருப்பவர்க்கு இப்பெயர்கள் பத்திரத்திலும், கோயிற் கல்லிலும், பக்கத்து வீட்டுக் கிழவியின் பேச்சிலும் கிடைக்கும். இடம் பெயர்ந்தவர்க்கு அவை நாவில் இருந்தால்தான் உண்டு. ஆண்களின் பெயராவது தலைப்பெழுத்தாக ஒரு தலைமுறை தங்கும். பெண்களின் பெயர் அவ்வாறும் தங்குவதில்லை. சுமங்கலியாக இறந்த பெண்டிர்க்கென அவிதவா நவமி என்று இப்பட்சத்தில் ஒன்பதாம் நாளைத் தனியே ஒதுக்கிய முன்னோர், இக்குறையை உணர்ந்தே செய்தனர் போலும்.

சென்ற மகாளயத்தின்போது எம் இல்லத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்பெயர்களை எழுதத் தொடங்கினோம். பெயர், ஊர், தெரிந்தால் திதி என்று மூன்று பத்திகள். தந்தை வழியில் ஐந்து பெயர்கள் உடனே வந்துவிட்டன. மனைவியின் வழியில் ஒரு பாட்டியின் பெயருக்காகத் திருநெல்வேலிக்குத் தொலைபேசியில் பேசினோம். வீட்டில் எல்லோரும் அவரைச் ‘சின்னாச்சி’ என்றே அழைத்து வந்ததால், இட்ட பெயர் ஆவுடையம்மாள் என்பது ஒருவர் நினைவில் மட்டுமே இருந்தது. தாய்வழிப் பூட்டியாரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தென்காசியில் உள்ள பெரிய அத்தைக்கு எழுதியிருக்கிறோம்; அவருக்கு வயது எண்பத்தேழு.